வவுனியாவிலிருந்து மலையகத்துக்கு வானில் நான்கு நாள்: எந்த வழியால் ஏறுவது, எப்படி இறங்குவது?

கேள்வி இதுதான். ஓகஸ்ட் விடுமுறையில் வவுனியாவிலிருந்து பத்துப் பேர் புறப்படுகிறார்கள். இரண்டு பேர் வயதானவர்கள், மூன்று பேர் சிறுவர்கள். வாகனம் கையால் கியர் போடும் டீசல் கேடிஎச் வான். ஓட்டப்போகிற தம்பிக்கு ஏ9 வீதியில் நல்ல பழக்கம், ஆனால் மலைப்பக்கம் ஓட்டியதில்லை. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி, எல்ல மூன்றையும் பார்த்து, அப்படியே இறங்கி உடவளவையில் யானையும் பார்த்துவிட்டு நான்காம் நாள் இரவு வீடு திரும்ப முடியுமா?

முதல் மூன்று இடமும் முடியும். உடவளவையை எடுத்துவிடுங்கள். எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கி, தனமல்வில பக்கமாகத் தெற்கே போய், ஜீப்பில் மூன்று மணித்தியாலம் சுற்றி, பிறகு அதே நாளில் வவுனியா வரை வடக்கே ஓடுவது ஒரே சாரதி செய்கிற வேலை இல்லை. யானைதான் ஆசை என்றால், ஓகஸ்டில் இலங்கையிலேயே நல்ல இடம் உங்கள் வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது: மின்னேரியா. வறட்சியில் குளம் வற்ற வற்ற, ஓரத்தில் முளைக்கும் இளம் புல்லுக்காக யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும் காலம் அது. எல்லயிலிருந்து பதுளை, மகியங்கனை, பொலன்னறுவை என்று போனால் மின்னேரியா வரும். வெல்லவாய இறக்கமும் தப்பிவிடும்.

அந்த இறக்கத்தைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்ல 1,041 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய அடிவாரச் சமவெளி. இடையில் 30 கிலோமீற்றர்கூட இல்லை. 2025 செப்டெம்பரில் அந்த வீதியில் இரவில் இறங்கிய சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அதே வருடம் மே மாதம் நீங்கள் ஏறப்போகும் நுவரெலியா–கம்பளை வீதியில், கொத்மலை கரண்டிஎல்லவில், விடியுமுன் இறங்கிய பஸ் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டும் இருட்டில், இரண்டும் இறக்கத்தில். ஆகவே மலையில் இருக்கும் நாட்களில் நீண்ட இறக்கம் எதையும் இருட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பயணத்திட்டம் முழுவதையும் இந்த ஒன்றை வைத்துத்தான் அடுக்கியிருக்கிறேன்.

முதல் நாள். அதிகாலை 4.30க்குப் புறப்பட்டால் ஏழு மணியளவில் தம்புள்ளையில் காலைச் சாப்பாடு. மாத்தளை கடந்து கண்டிக்கு ஒன்பதரைக்குப் பிறகு போய்ச் சேருவது நல்லது. அதற்கு முன் போனால் அலுவலக நெரிசலில் ஒரு மணித்தியாலம் போய்விடும். பெரஹரா நடக்கும் நாட்கள் என்றால் மதியத்துக்குப் பிறகு கண்டி நகருக்குள் வாகனத்தை விடவே வேண்டாம். பேராதனையில் ஏ5 வீதியைப் பிடித்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியா. இந்த எழுபது சொச்சம் கிலோமீற்றருக்கு, நிறுத்தாமல் ஓடினாலே இரண்டரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். வவுனியாக் கணக்கில் ஒன்றேகால் மணித்தியாலத் தூரம் என்று தம்பி நினைப்பார். மலையில் மணிக்கு 25, 30 கிலோமீற்றர் என்று போட்டால்தான் கணக்குச் சரிவரும். கம்பளையில் டீசலை நிரப்பிவிடுங்கள். பகல் ஒரு மணி, ஒன்றரைக்குள் நுவரெலியா போய்விட வேண்டும், ஏனென்றால் பின்னேரம் லபுக்கலைக்கு மேலே மூடுபனி இறங்கிவிடும்.

ஹட்டன் வழியாக ஏறுவதும் அழகான பாதைதான், தலவாக்கலைக்குக் கிட்ட டெவன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிகள் வீதியிலிருந்தே தெரியும். ஆனால் ஓகஸ்டில் தென்மேல் பருவமழை கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்தில்தான் அதிகம் கொட்டும். அந்த வழியைப் பிடித்தால் நானுஓயாவில் ரதல்லைக் குறுக்குப் பாதையை மட்டும் தொடாதீர்கள். கூகுள் மெப் அதைக் காட்டும், ஏழெட்டு நிமிடம் மிச்சம் என்றும் சொல்லும். 2023 ஜனவரியில் ஏழு பேர் இறந்த விபத்து அந்தச் செங்குத்தான குறுக்குப் பாதையில்தான். மெப் காட்டும் தோட்டப் பாதைகளுக்கும் இதையே சொல்வேன். இரண்டு சில்லு அகலத்துக்கு மட்டும் கொங்கிறீற் போட்டு, தேயிலைக்குள் கொழுந்து லொறி போக வெட்டிய பாதைகள் அவை. எதிரே ஒரு லொறி வந்தால், வளைவுக்கு வளைவு றிவர்ஸ் எடுத்துப் பழக்கம் இல்லாதவர் மாட்டிக்கொள்வார்.

இனி ஏறும் விதம். வளைவுக்குள் போய்க் கியர் மாற்றக் கூடாது. வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறக்கி, அதே இழுவையில் சுற்றி வெளியே வர வேண்டும். பாதி வளைவில் கிளச்சை மிதித்தால் இழுவை அறுந்து வான் பின்னால் வழுகும், பதற்றத்தில் எஞ்சின் நிற்கும். நாம் இடப்பக்கம் ஓடுவதால் இடதுபுறக் கொண்டையூசி வளைவுகள்தான் கஷ்டம்: உள்விளிம்பு ஒடுக்கம், ஏற்றமும் அங்கேதான் கூட. பின்சில்லு முன்சில்லின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். வானை இடது ஓரத்தோடு ஒட்டித் திருப்பினால் பின் இடது சில்லு கானுக்குள் இறங்கும். வளைவுக்குள் நுழையும்போது உங்கள் பாதியின் நடுக்கோட்டுப் பக்கமாக நின்று, கொஞ்சம் பிந்தித் திருப்புங்கள். மேலே நிமிர்ந்து பார்த்தால் அடுத்த தட்டு வீதி தெரியும். பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். பஸ்ஸுக்கு முழு வளைவும் வேண்டும், உங்கள் பாதியையும் எடுத்துத்தான் திரும்பும். அது அடாவடி இல்லை, அதன் நீளத்துக்கு வேறு வழி கிடையாது. ஹோன் அடிப்பதை ஒவ்வொரு மறைவான வளைவிலும் செய்யலாம், மலையில் யாரும் முறைக்க மாட்டார்கள்.

1,800 மீற்றருக்கு மேலே வான் இழுக்கவில்லை என்று தம்பி பயப்படலாம். காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ உள்ள டீசல் ஓரளவு சமாளிக்கும், டர்போ இல்லாத எஞ்சின்கள் நன்றாகவே திணறும். அதை அறிய கருவி தேவையில்லை, சிறுவர்கள் மடியில் வைத்திருக்கும் மிக்சர் பக்கெற் லபுக்கலை தாண்டும்போது தலையணை மாதிரி உப்பி நிற்கும். அடுத்தது டயர். குளிரில் காற்றழுத்தம் இறங்கும் என்று நுவரெலியாவில் சிலர் காற்று அடிக்கச் சொல்வார்கள். குளிரில் இரண்டு மூன்று புள்ளி (பிஎஸ்ஐ) இறங்குவது உண்மைதான், ஆனால் உயரத்தில் வெளிக்காற்று ஐதாவதால் மீற்றர் மூன்று புள்ளி கூட்டிக் காட்டும். ஒன்றோடொன்று கழிந்துவிடும். வவுனியாவில் காலைக் குளிரில் சரியாக அடித்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

வெப்பமானி முள் பாதியைத் தாண்டினால் ஏசியை அணைத்து, இடம் பார்த்து நிறுத்தி எஞ்சினை ஓடவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது.

இரண்டாம் நாள் ஹோர்ட்டன் சமவெளி. வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து மீபிலிமான, அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஏறத்தாழ 32 கிலோமீற்றர். நான்கே முக்காலுக்கு அறையை விட்டுப் புறப்படுங்கள். இருட்டில் ஓடுகிறோமே என்றால், இது ஏற்றம், அதுவும் மெதுவாக. மரை வீதியில் நிற்கும், லைட்டைப் பார்த்தால் அசையாது. முந்திக்கொண்டு போக அங்கே ஒன்றும் இல்லை, உங்களுக்கு முன்னால் போகும் வாகனத்தின் பின்னாலேயே போங்கள்.

உள்ளே ஜீப் தேவையில்லை, உங்கள் வானே ஃபார் இன் என்ற பார்வையாளர் நிலையம் வரை போகும். அங்கிருந்துதான் நடை. வாசலிலேயே பைகளைப் பார்ப்பார்கள். பொலித்தீன் எதுவும் போகாது. தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்து வாங்கிக்கொள்வார்கள். லஞ்ச் சீற்றில் சுற்றிய சோற்றுப் பார்சலோடு வரிசையில் நின்று, கடைசியில் பத்துப் பார்சலையும் பிரிக்க வேண்டி வருவது அங்கே தினமும் நடப்பது. முதல் நாள் இரவே சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவிலோ வாழையிலையிலோ கட்டிவிடுங்கள். பிஸ்கட்டை உறை கழற்றி டப்பாவில் கொட்டிக்கொள்ளலாம். இந்தக் கெடுபிடி சும்மா வந்ததில்லை, மரைகள் பொலித்தீனைத் தின்று செத்திருக்கின்றன. வாகனத் தரிப்பிடத்தில் மரை வந்து கையை முகர்ந்தாலும் பாணைக் கொடுக்காதீர்கள்.

நடை ஒரு வட்டம், ஒன்பது கிலோமீற்றர் அளவு, சிறுவர்களோடு நான்கு மணித்தியாலம். பாதை பிரியும் இடத்தில் சின்ன உலக முடிவுப் பக்கமாக முதலில் போங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சியைத் திரும்பி வரும்போது பார்க்கலாம், அது எங்கேயும் ஓடிவிடாது. உலக முடிவு அப்படியில்லை. சுமார் 870 மீற்றர் செங்குத்துச் சரிவு, தெற்கே சமவெளி விரிந்து கிடக்கும், ஆனால் ஒன்பது ஒன்பதரைக்கு மேல் கீழிருந்து புகார் ஏறி வெள்ளைச் சுவராகிவிடும். ஓகஸ்டில் பருவக்காற்றும் சேர்வதால், ஏழரைக்கே போய் நின்றாலும் வெள்ளைச் சுவர்தான் கிடைக்கலாம். தெளிவாகப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரைதான் காலம். இதைப் புறப்படுமுன்னரே எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். புகார் மூடினாலும் புல்வெளியும் பாசி பிடித்த குட்டை மரங்களும் சிவந்த இளந்தளிர்களும் பார்க்கத் தகுந்தவைதான். விளிம்பில் எல்லா இடத்திலும் தடுப்பு இல்லை. சிறுவர்களின் கையை விடாதீர்கள், போட்டோ எடுக்கப் பின்பக்கமாக நடக்கவும் விடாதீர்கள்.

வயதானவர்கள் வட்டம் முழுவதும் நடக்க வேண்டாம். பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிகள் முழங்காலுக்கு ஆகாது, பாதை நனைந்தால் களிமண் வழுக்கும். அவர்கள் ஃபார் இன் பக்கத்தில் தேத்தண்ணீரோடு இருக்கட்டும், கழிப்பறையும் அங்கேதான் இருக்கிறது. கம்பளித் தொப்பியும் மழைக்கோட்டும் ஆளுக்கொன்று. குடை காற்றில் நிற்காது.

வெளியே வரும்போது ஒஹிய பக்கமாக இறங்கினால் ஹப்புத்தளைக்குக் கிட்ட என்பார்கள். தூரம் குறைவுதான். ஆனால் அந்தப் பாதை ஒடுக்கம், செங்குத்து, எதிரே வாகனம் வந்தால் ஒதுங்க இடம் குறைவு. மலையில் இரண்டாவது நாள் ஓட்டுகிறவருக்கு அது வேண்டாம். வந்த வழியே பட்டிப்பொலவுக்கு இறங்கி, அம்பேவெலவில் பால்பண்ணையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, இரண்டாம் இரவையும் நுவரெலியாவிலேயே போடுங்கள்.

மூன்றாம் நாள் எல்ல. நுவரெலியா 1,868 மீற்றர், எல்ல 1,041 மீற்றர். ஹக்கலை, கெப்பட்டிபொல, வெலிமடை, பண்டாரவளை வழி, அறுபது கிலோமீற்றர் அளவு, இரண்டரை மணித்தியாலம். சீதாஎலியவில் சீதையம்மன் கோயிலில் நிறுத்தலாம், அதற்குப் பிறகுதான் நீண்ட இறக்கம் தொடங்குகிறது. காலை எட்டரைக்குப் புறப்பட்டால் வெளிச்சமும் இருக்கும், வீதியும் காய்ந்திருக்கும். ஊவாப் பக்கம் ஓகஸ்டில் பொதுவாக வெயில்தான். நுவரெலியாவில் தூறிக்கொண்டிருக்கும்போதே வெலிமடையில் உருளைக்கிழங்குப் பாத்தி காய்ந்து தூசி பறக்கும். கெப்பட்டிபொலப் பொருளாதார மத்திய நிலையத்தை அண்டிய பகுதியில் மரக்கறி லொறிகளுக்கு இடம் விட்டு ஓடுங்கள்.

இறங்குவதுதான் தம்பி புதிதாகப் பழக வேண்டிய விஷயம். வானும் ஆட்களும் பொதிகளும் சேர்த்து 3 தொன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 800 சொச்சம் மீற்றரை இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி, 80 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அது எங்காவது வெப்பமாகப் போய்த்தான் ஆகவேண்டும். எஞ்சின் வாங்கிக்கொண்டால் காற்றோடும் ரேடியேற்றரோடும் போய்விடும். பிரேக்கிடமே விட்டால், நான்கு சில்லுக்குள் இருக்கும் கொஞ்ச இரும்பும் ஒரு போத்தலுக்கும் குறைந்த பிரேக் எண்ணெயும்தான் அத்தனையையும் தாங்க வேண்டும்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகைக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறிய பிறகு 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி. ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது; அதனால் பெடல் பஞ்சு மாதிரி கீழே போகும், வான் நிற்காது. ஏ9 வீதியில் இந்தச் சூடு வரவே வராது என்பதால் பழைய எண்ணெயோடு வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் ஓடலாம். போகுமுன் கராஜில் எண்ணெயை முழுதாக மாற்றுங்கள், டொட் 4 விட்டால் இன்னும் நல்லது. முன் பிரேக் பேட்டை (சில்லைப் பிடிக்கும் உராய்வுக் கட்டையை) அளந்து 4 மில்லிமீற்றருக்குக் குறைவு என்றால் மாற்றிவிடுங்கள், பின் ட்ரம் கழற்றித் தூசி தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டயர்ப் பூ 3 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். மொத்தமாக ஒரு பகல் வேலை.

ஓட்டும்போது, ஏற எந்தக் கியர் தேவைப்படுமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். ஹக்கலைக்குக் கீழே பெரும்பாலும் இரண்டாம் கியர், சில இடத்தில் மூன்றாம் கியர். எஞ்சின் 3,000 சுற்றில் இரைவது கேட்டு வண்டி கெட்டுவிடும் என்று பின்னால் யாராவது சொல்வார்கள், காதில் போடாதீர்கள். காலைப் பிரேக்கிலேயே வைத்து மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டு வருவதுதான் கெடுதல். பேட் ஆறவே நேரம் கிடைக்காது. வேகம் 35ஐத் தொட்டால் அழுத்தமாக ஒரு தடவை பிடித்து 25க்கு இறக்கி, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். மறுபடி ஏறட்டும், மறுபடி பிடியுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை அணைத்து உருட்டுவதும் தற்கொலைக்குச் சமம். எஞ்சின் நின்றால் பிரேக்கின் உதவி இரண்டு மூன்று மிதிக்குள் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கல்லாகும். தானியங்கிக் கியர் வானாக இருந்தால் ஓவர்டிரைவை அணைத்து, லீவரை 2க்கு இழுங்கள். ஹைபிரிட் கார்களுக்கு பி என்ற நிலை இதற்காகவே இருக்கிறது.

கருகிய மணம் வந்தால் உடனே, வீதிக்கு வெளியே அகலமான இடத்தில் நிறுத்துங்கள். அரை மணித்தியாலம் ஆறவிட வேண்டும். சில்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் பிரேக் தட்டு வளையும், வெடிக்கவும் கூடும். சூட்டோடு ஹேண்ட்பிரேக்கையும் இழுக்காதீர்கள். கியரில் போட்டு சில்லுக்குக் கல் வையுங்கள். புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். வீதி நடுவே கல்லை விட்டுப் போகிறவர்களால்தான் இரவில் மோட்டார் சைக்கிள்காரர்கள் விழுகிறார்கள். பெடல் உண்மையிலேயே கீழே போய்விட்டால் வேகமாக விட்டு விட்டு மிதித்து, ஒவ்வொரு கியராக இறக்கி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். கடைசி வழி, மலைப்பக்கத்துக் கானில் சில்லை இறக்கி மண்ணில் உரசி நிறுத்துவது. பள்ளத்துப் பக்கம் மட்டும் போகவே கூடாது.

மூடுபனியில் பெரிய லைட் போட்டால் வெள்ளைதான் திரும்பி வரும், டிம் போதும். ஓடிக்கொண்டே நான்கு பக்கச் சிக்னலையும் மினுக்காதீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. கண்ணாடி உள்ளே வியர்த்தால் ஏசியைப் போட்டுச் சூட்டுப் பக்கம் திருப்புங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழையில் மலையக வீதிகள் பல இடங்களில் சரிந்தன. புறப்படும் முதல் நாள் 117க்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு அழைத்து எந்த வீதி திறந்திருக்கிறது என்று கேளுங்கள். மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலகப் பிரிவுவாரியாக அறிவிப்பார்கள். மஞ்சளில் பகலில் கவனமாக ஓடலாம். செம்மஞ்சள் என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். புதிதாக வெட்டிய மண்சுவருக்குக் கீழே போட்டோவுக்கும் சிறுநீருக்கும் நிறுத்தாதீர்கள். வீதியில் கலங்கல் தண்ணீர் குறுக்கே ஓடினாலும், சிறு கற்கள் உருண்டு வந்தாலும், முன்னால் போகாமல் திரும்புங்கள். அம்புலன்ஸுக்கு 1990.

வாந்தி எடுக்கும் பிள்ளையை முன் சீற்றுக்குப் பின்னால், வீதி தெரியும்படி வையுங்கள். றம்பொடைக்கு முன் கொத்து ரொட்டி வேண்டாம்.

நான்காம் நாள் காலை 6 மணிக்கு எல்லயை விடுங்கள். தெமோதரை, ஹாலிஎல, பதுளை, பிறகு மகியங்கனைக்கு இறக்கம். வெல்லவாயப் பக்கத்தைவிட இது நீண்டு பரந்து இறங்குவதால் பிரேக்குக்கு இலேசு. ஆனாலும் மூன்றாம் கியர், அதே முறைதான். மகியங்கனையிலிருந்து தெஹியத்தகண்டிய, மனம்பிட்டிய வழியாகப் பொலன்னறுவை, மின்னேரியா. பத்துப் பேருக்கு இரண்டு ஜீப் பிடியுங்கள், அங்கே சொந்த வானில் சுற்றும் யோசனை வேண்டாம். யானைகள் குளத்தடிக்கு இறங்குவது பின்னேரம்தான். இரண்டரைக்கு ஏறி ஐந்தரைக்கு இறங்குவதாக ஜீப்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள். ஆறரைக்குப் பிறகு ஹபரணை வீதியில் யானை குறுக்கே வரும். மூன்று மணிக்கும் பொலன்னறுவையைத் தாண்டவில்லை என்றால் சபாரியை விட்டுவிட்டு நேரே வீடு போங்கள், அல்லது ஹபரணையில் ஓர் இரவு தங்கி மறுநாள் காலை பாருங்கள்.